மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை

மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை என்பது இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் காப்பதற்காகத் தமிழ்நாடு அரசு ஏற்படுத்திய அமைப்பாகும். இதன் தலைமையிடம் இராமநாதபுரம். இது காக்க வந்த தீவுகளில் மக்கள் குடியிருப்பு இல்லை. ஆயினும் இதன் பணியில் பெரும்பகுதி கரையோர ஊர்களில்தான் நடந்தது. அதற்கான காரணம் தீவுகளின் வரலாற்றிலேயே உள்ளது.

தீவுகள்

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் கணக்கிடப்பட்டன. மண்டபம் தொகுதியில் 7, கீழக்கரைத் தொகுதியில் 7, வேம்பார் தொகுதியில் 3, தூத்துக்குடித் தொகுதியில் 4 என இவை நான்கு தொகுதிகளாகும். இவற்றுள் பெரியது முசல் தீவு. 1986இல் தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் பரப்பு கடல்சார் தேசியப் பூங்காவானது. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2001இல் யுனெஸ்கோ இதனை உலகக் காப்பக வலையமைப்பில் சேர்த்தது. பவளப்பாறைகள், கடற்புல் படுகைகள், அலையாத்திக் காடுகள் ஆகிய மூன்றும் அருகருகே அமைந்திருப்பது இப்பகுதியின் சிறப்பு.

மூழ்கிய இரு தீவுகள்

தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் அலையின் வேகத்தைத் தடுக்கும் இயற்கைச் சுவர்கள். சுண்ணாம்புக்காக இப்பாறைகள் பல பத்தாண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டன. சுவர் போனதும் அலைகள் மணலை அரித்தன. கீழக்கரைத் தொகுதியின் பூவரசன்பட்டித் தீவும் தூத்துக்குடித் தொகுதியின் விலாங்குச்சல்லித் தீவும் கடல் மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கடல் அட்டைகளைப் பிடிப்பதும் அதே ஆண்டில் தடை செய்யப்பட்டது.

அறக்கட்டளையின் பணி

தடை போடுவதால் மட்டும் தீவு காப்பாற்றப்படாது; தடையால் வருமானம் இழப்பவருக்கு மாற்று வழி வேண்டும். உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் துணைநின்ற திட்டத்தை அறக்கட்டளை 2002 முதல் செயல்படுத்தியது. கரையோர ஊர்களில் கிராமக் குழுக்களும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் அமைக்கப்பட்டன. மாற்றுத் தொழில் தொடங்க அவற்றின் வழியாகச் சிறுகடன்கள் வழங்கப்பட்டன. மீனவர் குடும்பங்களைச் சேர்ந்தவர்களே வேட்டைத் தடுப்புக் காவலர்களாக வனத்துறையில் பணியமர்த்தப்பட்டனர்.

பாசி எடுக்கும் பெண்கள்

இப்பணியின் கடினமான பகுதி பாசி எடுக்கும் பெண்களைப் பற்றியது. மரிக்கொழுந்து, கட்டக்கோரை ஆகிய பாசிகளைத் தீவுகளை ஒட்டிய கடலில் மூழ்கி எடுப்பது இராமநாதபுரம் கரையோரப் பெண்கள் பலருக்குத் தலைமுறைத் தொழில். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி எடுக்கும் இப்பாசிகள் அகார் முதலியவை தயாரிக்கும் ஆலைகளுக்குச் செல்கின்றன. பூங்காவின் எல்லைக்குள் நுழையக்கூடாது என்ற விதி இவர்களுடைய தொழிலை நேரடியாகத் தாக்கியது. பின்னர் மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது என இப்பெண்கள் தங்களுக்குள் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டனர். பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தைச் சேர்ந்த பாசி எடுக்கும் பெண் ஒருவருக்கு 2015இல் சீக்காலஜி பரிசு வழங்கப்பட்டது.

மாற்றுத் தொழிலிலும் எச்சரிக்கை தேவை என்பதைக் கப்பாபைகஸ் என்னும் வெளிநாட்டுப் பாசி காட்டியது. பாக் நீரிணைப் பக்கம் வளர்க்கப்பட்ட இது, குருசடைத் தீவின் பவளங்கள் மீது படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் 2008இல் பதிவு செய்தனர். மேலே படரும் பாசி ஒளியை மறைப்பதால் அடியிலுள்ள பவளம் இறந்துவிடுகிறது.

வான் தீவு

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு தேய்ந்து மறையும் நிலைக்கு வந்தது. 2015 முதல் அதன் கடல் பக்கத்தில் துளைகள் கொண்ட கான்கிரீட் செயற்கைப் பாறைகள் வரிசையாக இறக்கப்பட்டன. அவை அலையின் வேகத்தைக் குறைத்ததால் மணல் மீண்டும் சேரத் தொடங்கியது. ஆனால் கடல்நீர் சூடாவதைச் செயற்கைப் பாறை தடுக்காது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் வெப்பத்தால் பவளங்கள் பெருமளவில் வெளிறின.

புதுக்கோட்டைக் கரை

பாம்பனுக்கு வடக்கே, பாக் நீரிணையில் அமைந்துள்ள புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரை இக்காப்பகத்துக்கு வெளியே உள்ளது. இங்கே பாதுகாக்கப்படுவது கடற்புல்லும் அதை மேயும் ஆவுளியா எனப்படும் கடல் பசுவும் ஆகும். 2022 செப்டம்பர் 21 அன்று தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல் பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இந்தியாவில் இவ்விலங்குக்கென அமைந்த முதல் காப்பகம் இதுவே.

கடல் பசு நுரையீரலால் சுவாசிக்கும் பாலூட்டி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும்; வலையில் சிக்கி மேலே வர இயலாவிட்டால் மூச்சுத் திணறி இறந்துவிடும். ஆகவே வலையை அறுத்து அதை உயிரோடு விடும் மீனவருக்கு வனத்துறை பாராட்டும் வெகுமதியும் அளிக்கிறது. விடுவிப்பவர் கணநேரத்தில் முடிவெடுக்க வேண்டும். அறுபடுவது அவருடைய முதலீடு. தீவுகளில் அறக்கட்டளை எதிர்கொண்ட அதே கேள்வி இங்கும் எழுகிறது: காப்பதற்கான செலவை யார் ஏற்பது? அதைக் கடலை நம்பி வாழ்பவர் மீது மட்டும் சுமத்தாத இடத்தில்தான் பாதுகாப்பு நிலைக்கும்.