பனிமலைத் தண்ணீர் பாயும் லொம்பார்டி

ஏப்ரல் முடிந்து மே பிறக்கும் சமயத்தில் மிலான் நகரிலிருந்து தென்மேற்கே ரயில் ஏறினால், நகரம் முடிந்த சற்று நேரத்திலேயே இருபுறமும் தண்ணீர் கட்டிய நெல்வயல்கள் தொடங்கிவிடுகின்றன. வரப்பு, வாய்க்கால், மடை, வயலில் இரை பொறுக்கும் கொக்கு எல்லாம் உண்டு. வானம் தெளிந்த நாளில் வயல் தண்ணீரிலேயே ஆல்ப்ஸ் மலையின் பனிச்சிகரங்கள் தெரியும். இத்தாலி என்றால் பீட்சாவும் பாஸ்தாவும்தான் என்று நினைத்து வருபவர்களை லொமெல்லினா என்ற இந்த நெல்நாடு திகைக்க வைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதிக நெல் விளையும் நாடு இத்தாலி. அதில் பெரும்பங்கு லொம்பார்டி, பியெமொந்தே என்ற இரண்டு மாநிலங்களின் விளைச்சல்.

லொம்பார்டியின் வடக்கே சுவிட்சர்லாந்தை ஒட்டிப் பனிமலைகள். தெற்கே போ ஆற்றின் சமவெளி. சுமார் ஒரு கோடிப் பேர் வாழும் இந்த மாநிலத்தின் தலைநகர் மிலான். வெளிநாட்டுப் பயணிகளில் பலர் மிலானின் பேராலயத்தையும் கடைவீதியையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வெனிசுக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். இது பெரிய இழப்பு. மலை, ஏரி, கலை, சாப்பாடு என்று இந்த மாநிலத்தில் பார்க்க வேண்டிய அத்தனையையும் பனிமலையிலிருந்து இறங்கும் தண்ணீர் ஒன்றோடொன்று கோத்து வைத்திருக்கிறது. அந்தத் தண்ணீரின் போக்கிலேயே பயணம் செய்தால்தான் லொம்பார்டி பிடிபடும்.

மேலிருந்து தொடங்கலாம். மிலானிலிருந்து இரண்டரை மணி நேர ரயில் பயணத்தில், கோமோ ஏரியின் கிழக்குக் கரை வழியாக, திரானோ என்ற மலையடிவார ஊர் வருகிறது. அங்கிருந்து சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்சுக்குப் போகும் பெர்னினா மலை ரயில் 1910 முதல் முழுத்தடத்தில் ஓடுகிறது. 429 மீட்டர் உயரத்தில் கிளம்பி 2,253 மீட்டர் வரை ஏறும் இந்த ரயிலுக்கு, ஊட்டி ரயிலில் இருப்பதுபோன்ற பல்சக்கரம் கிடையாது. செங்குத்தான இடத்தில், நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் என்ற ஏற்றத்தைச் சாதாரணத் தண்டவாளத்திலேயே ஏறிவிடுகிறது. புருசியோ என்ற இடத்தில் கல்பாலத்தின் மேல் ஒரு முழு வட்டமடித்து உயரம் பிடிப்பதைப் பார்க்கப் பயணிகள் எல்லோரும் ஜன்னலுக்கு வந்துவிடுவார்கள். 2008-இல் யுனெஸ்கோ இந்தத் தடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

திரானோவைச் சுற்றியுள்ள வால்தெல்லினா பள்ளத்தாக்கில் மலைச்சரிவு முழுக்கத் திராட்சைக்காகப் படிப்படியாக வெட்டிய வயல்கள். சாந்து பூசாமல் வெறும் கல்லை அடுக்கி எழுப்பிய சுவர்கள்தான் மண்ணைத் தாங்கி நிற்கின்றன. இங்கே கோதுமையைவிடக் குளிர் மலைக்கு ஏற்றது பக்வீட். வட இந்தியாவில் குட்டு என்பார்கள். அந்த மாவில் செய்த பட்டையான நூடுல்சை முட்டைகோஸ், உருளைக்கிழங்கோடு வேகவைத்து, உள்ளூர்ச் சீஸைத் தூவி, பூண்டு தாளித்த வெண்ணெயை மேலே ஊற்றுவார்கள். பெயர் பிட்சோக்கெரி. மலை ஏறி இறங்கியவர்களின் பசிக்கென்றே பிறந்த சாப்பாடு.

மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் முதலில் தங்குமிடம் ஏரிகள். பழங்காலத்தில் பனியாறுகள் பாறையைக் குடைந்து உண்டாக்கிய பள்ளங்கள் இவை. கோமோ ஏரியின் ஆழம் 400 மீட்டருக்கும் மேல். இத்தாலியின் மிகப் பெரிய ஏரியான கார்தாவின் பரப்பு சுமார் 370 சதுர கிலோமீட்டர். இவ்வளவு தண்ணீர் சூட்டைத் தேக்கி வைப்பதால், பனிமலைக்கு அருகிலேயே கரையோரத்தில் ஆலிவ் காய்க்கிறது. கோமோவில் வரென்னா என்ற ஊரில் இறங்கிப் படகேறினால் கால் மணி நேரத்தில் பெல்லாஜியோ. கோமோ நகரம் மின்கலத்தைக் கண்டுபிடித்த அலெசாந்திரோ வோல்டா 1745-இல் பிறந்த ஊர், பட்டுத்தொழிலுக்கும் பேர்போனது.

கூட்டம் வேண்டாம் என்பவர்கள் இசேயோ ஏரிக்குப் போகலாம். அதன் நடுவே மொன்தே இசோலா என்ற தீவு, காருக்கு அனுமதி இல்லாத மீனவர் ஊர். வலை பின்னுவது இங்கே பரம்பரைத் தொழில். ஏரியில் பிடித்த மீனை உப்பிட்டு, சட்டத்தில் வரிசையாகக் கட்டி வெயிலில் காயப்போட்டு எண்ணெயில் ஊறவைக்கிறார்கள். சுத்தமான கருவாடுதான். அதைச் சுட்டு, பொலெந்தா என்ற மக்காச்சோளக் களியோடு சாப்பிடுகிறார்கள். 2016-இல் கிறிஸ்டோ என்ற கலைஞர் மஞ்சள் துணி போர்த்திய மிதக்கும் நடைபாதையை இந்தத் தீவுக்குப் போட்டார். அது இருந்தது 16 நாள். அதில் நடந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர்.

ஏரியில் தேங்கிய தண்ணீரை மனிதன் வாய்க்கால் வெட்டிச் சமவெளிக்குக் கொண்டுபோன கதை 12-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியது. மிலானின் நவீலியோ கிராந்தே கால்வாய் அப்படி வந்ததுதான். பாசனத்துக்கு வெட்டிய அந்தக் கால்வாயில்தான் மிலான் பேராலயமும் மிதந்து வந்தது என்று சொல்லலாம். 1386-இல் தொடங்கிய இந்தக் கோயிலுக்கான இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட பளிங்கு, மஜ்ஜோரே ஏரிக்கு மேலேயுள்ள கண்டோலியா சுரங்கத்தில் வெட்டப்பட்டது. ஏரி, திச்சினோ ஆறு, கால்வாய் என்று படகிலேயே நகரத்துக்குள் வந்து இறங்கியது. கோயிலுக்கு வந்த கல்லுக்கு அன்று சுங்கம் வாங்கவில்லை. சுமார் 3,400 சிலைகளோடு நிற்கும் இந்தக் கட்டடத்தின் கடைசி வெண்கலக் கதவு பொருத்தப்பட்டது 1965-இல். இன்றும் பழுதுபார்க்கக் கல் அதே சுரங்கத்திலிருந்தே வருகிறது.

மிலானில் 1482 முதல் பல ஆண்டுகள் தங்கிய லியோனார்டோ டா வின்சி இந்தக் கால்வாய்களையும் மதகுகளையும் ஆராய்ந்து படம் வரைந்தவர். 1495-க்கும் 1498-க்கும் இடையில் சாந்தா மரியா தெல்லே கிராட்சியே மடத்தின் உணவுக்கூடச் சுவரில் அவர் தீட்டியதுதான் ‘இறுதி இராவுணவு’. சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போதே வண்ணம் ஏற்றினால் அது சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் அவசரமாக வரைய வேண்டும். லியோனார்டோவோ யோசித்து, திருத்தி, மறுபடி வரைகிறவர். அதனால் காய்ந்த சுவரிலேயே தீட்டினார். அவர் உயிரோடு இருக்கும்போதே வண்ணம் உரியத் தொடங்கிவிட்டது. 1652-இல் மடத்தார் வாசல் வைக்கச் சுவரை இடித்ததில் இயேசுவின் பாதங்கள் போயின. 1943 ஆகஸ்டில் குண்டு விழுந்து கூரை சரிந்தபோது, மணல்மூட்டைகள் அடுக்கிக் காத்த ஓவியச் சுவர் தப்பி நின்றது. பினின் பிரம்பில்லா பார்ச்சிலோன் என்ற பெண்மணி இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, பின்னாள் பூச்சுகளைத் துளித்துளியாக நீக்கி, 1999-இல் ஓவியத்தை மீட்டுக் கொடுத்தார். இன்று அதன் முன் நிற்க ஒருவருக்குக் கிடைப்பது 15 நிமிடம்தான்.

அதே கால்வாய்த் தண்ணீர்தான் நெல்லுக்கும் போகிறது. 1475-இல் மிலான் பிரபு ஃபெராரா நகரத்துக்கு 12 மூட்டை அரிசி அனுப்பியதாகக் கடிதம் இருக்கிறது. பிற்காலத்தில் முழங்கால் தண்ணீரில் குனிந்து களை பறித்த மொந்தினே என்ற பெண்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்டு மணி நேர வேலைக்காகப் போராடியவர்கள். இன்று வேலையெல்லாம் இயந்திரம்.

இந்த அரிசியில் ஆக்கும் மிலானின் உணவு ரிசொட்டோ. அதைச் செய்யும் முறை நம் சமையலுக்கு நேர்மாறு. அரிசியைக் கழுவக் கூடாது. வெங்காயம் வதக்கிய வெண்ணெயில் அரிசியை வறுத்து, கொதிக்கும் சாற்றை ஒவ்வொரு கரண்டியாக ஊற்றிக் கிளற வேண்டும். குங்குமப்பூ நிறம் தரும். அடுப்பிலிருந்து இறக்கியபின் வெண்ணெயும் சீஸும் சேர்த்துக் குழைப்பார்கள். அரிசியின் பசை வெளியே கூழாக இறங்க, அரிசி நடுவில் சற்றே விறைப்பாக இருக்க வேண்டும். சைவர்கள் கவனிக்க: பாரம்பரிய முறையில் இதில் மாட்டெலும்பு மஜ்ஜையும் இறைச்சிச் சாறும் சேரும்.

சீஸுக்கும் மூலம் தண்ணீரே. மிலானைச் சுற்றித் தரையடியில் ஊறிவரும் நீர் குளிர்காலத்திலும் உறையாது. மடத்துத் துறவிகள் அதைப் புல்வெளிகளில் மெல்லப் பாயவிட்டு, பனிக்காலத்திலும் பசும்புல் அறுத்தார்கள். பால் பெருகியது, கெடாமல் வைக்கக் கெட்டியான சீஸ் பிறந்தது. இன்று கிரெமோனா பக்கத்து மாட்டுப்பண்ணைகளில் பஞ்சாபிலிருந்து போன சீக்கியர்கள் பலர் வேலை செய்கிறார்கள். 2011-இல் அங்கே பெரிய குருத்வாராவே எழுந்திருக்கிறது. புகழ்பெற்ற வயலின் செய்பவரான ஸ்த்ராதிவாரி வாழ்ந்த அதே கிரெமோனாவில் வயலின் செய்யும் பட்டறைகள் இன்னும் நூற்றுக்கு மேல் இயங்குகின்றன.

இந்தத் தண்ணீருக்கே இப்போது ஆபத்து. 2022-இல் மலையில் பனி குறைந்து, மழையும் பொய்த்து, போ ஆறு எழுபது ஆண்டுகளில் இல்லாத அளவு வற்றியது. லொம்பார்டி உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் நெருக்கடி நிலை அறிவிக்க நேர்ந்தது. நெல்வயல்கள் வெடித்தன.

லொம்பார்டிக்குக் குறைந்தது ஐந்து நாளாவது ஒதுக்குங்கள். வயலில் தண்ணீர் நிற்பதைப் பார்க்க ஏப்ரல் பிற்பகுதியும் மே மாதமும் ஏற்ற காலம். கார் தேவையில்லை, ரயிலும் படகும் போதும். விமான டிக்கெட் எடுக்கும் முன்பே ‘இறுதி இராவுணவு’க்கு முன்பதிவு செய்துவிடுங்கள். நுழைவுச்சீட்டு பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும், திங்கட்கிழமை விடுமுறை.