அடுக்கில் ஏறிய மடக்கை

2 என்ற எண். அதன் தலைமேல் அடுக்காக, 2-ஐ அடிமானமாகக் கொண்ட 7-இன் மடக்கை. பதினோராம் வகுப்பு மாணவரைப் பார்த்த மாத்திரத்தில் மிரட்டும் கோவை இது. விடை 7, அவ்வளவுதான்.

2-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 7 கிடைக்கும்? இந்தக் கேள்விக்கான விடைக்குத்தான் மடக்கை என்று பெயர். அது சுமார் 2.807. ஆனால் அதைக் கணக்கிடத் தேவையே இல்லை. 7-ஐத் தருகிற அடுக்கு எதுவோ அதையே 2-இன் மேல் வைத்தாயிற்று. பிறகு 7 வந்துதானே ஆக வேண்டும்?

அடிமானம் மாறும்போதுதான் தடுமாற்றம். 4-இன் அடுக்கில், 2-ஐ அடிமானமாகக் கொண்ட 5-இன் மடக்கை இருந்தால்? 4 என்பது 2-இன் வர்க்கம். ஆகவே விடை 5-இன் வர்க்கம், 25. அவசரத்தில் 10 என்று எழுதிவிடுவோர் உண்டு. அடுக்கில் உள்ள 2 பெருக்காது, வர்க்கமாக்கும்.

இன்னொரு விதி, எல்லாவற்றிலும் அழகானது. 3-இன் அடுக்கில், 2-ஐ அடிமானமாகக் கொண்ட 8-இன் மடக்கையை வையுங்கள். அந்த மடக்கை 3. எனவே விடை 27. இப்போது 3-ஐயும் 8-ஐயும் இடம் மாற்றிப் பாருங்கள். அப்போதும் 27! அடிமானம் 2 அசையாமல் இருக்க, மற்ற இரண்டும் தாராளமாக இடம் மாறிக்கொள்ளலாம்.

இந்த இடமாற்றத்தின் அருமை 1960-இல் மாஸ்கோவில் நடந்த ஒன்றைப் பார்த்தால் புரியும். இரண்டு பெரிய எண்களைப் பெருக்க, இலக்க எண்ணிக்கையின் வர்க்கம் அளவுக்கு வேலை செய்தே தீர வேண்டும் என்று கணித மேதை கொல்மகோரவ் கருதினார். 23 வயது அனத்தோலி கரட்சுபா ஒரே வாரத்தில் அதைப் பொய்யாக்கினார். எண்களைப் பாதியாக வெட்டினால் நான்கு சிறு பெருக்கல்கள் வரும். கூட்டல் கழித்தலைச் சற்றே கூட்டி, மூன்றே பெருக்கல்களில் அவர் முடித்தார். பாதிகளையும் அப்படியே வெட்டிக்கொண்டு போகலாம். 1024 இலக்க எண்ணைப் பத்து முறை வெட்டலாம். பழைய முறையில் 10,48,576 பெருக்கல்கள், அவர் வழியில் ஏறத்தாழ 59,049.

எத்தனை முறை வெட்டலாம் என்பது, 2-ஐ அடிமானமாகக் கொண்ட இலக்க எண்ணிக்கையின் மடக்கை. அதனால் வேலையின் அளவு, 3-இன் மேல் மடக்கை ஏறிய கோவையாக வருகிறது. அந்த வடிவில் அதை வர்க்கத்தோடு எளிதில் ஒப்பிட முடியாது. இடம் மாற்றியதும், இலக்க எண்ணிக்கையின் அடுக்கு சுமார் 1.585 என்று தெரிகிறது. பழைய முறையில் அது 2. மிகப் பெரிய எண்களைப் பெருக்க, பைத்தான் கணினிமொழி இந்த முறையைத்தான் கையாள்கிறது.