பாட்டரியை எங்கே வைப்பது?

நாலு சக்கரத்தின் மேல் ஒரு வீடு. அதில் படுக்கை உண்டு, அடுப்பு உண்டு, தண்ணீர்த் தொட்டி உண்டு, பால் கெடாமல் இருக்கக் குளிர்ப்பெட்டியும் உண்டு. வாடகை கிடையாது, பக்கத்து வீட்டுச் சண்டை கிடையாது. மலையடிவாரம் பிடித்திருந்தால் அங்கே இரண்டு நாள், கடற்கரை பிடித்திருந்தால் அங்கே நாலு நாள். மேல்நாட்டார் இதைக் 'காம்ப்பர் வேன்' என்கிறார்கள். ஜெர்மனியில் 1950-ல் ஃபோக்ஸ்வாகன் வேன் வெளிவந்தது. அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா கம்பெனியார் அதற்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்தி விற்கத் தொடங்கிவிட்டார்கள். ஐரோப்பாவில் குடும்பம் குடும்பமாக இதில் ஊர் சுற்றுவது அன்று முதல் ஒரு வழக்கமாகிவிட்டது.

கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் அல்லவா தெரியும் சங்கடம்! 1979-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் வேனின் மொத்த நீளமே சுமார் நாலரை மீட்டர்தான். அதில் இயந்திரம் போக, ஓட்டுகிறவர் ஆசனம் போக, மிஞ்சுவதில் ஒரு குடும்பம் உண்டு உறங்க வேண்டும். ஒரு சாண் இடம் கிடைத்தால் ஒரு சாம்ராஜ்யம் கிடைத்த மாதிரி. அப்போது வீட்டுக்காரர் கண்ணில் முதலில் படுகிற சாமான் எது? பாட்டரி!

ஒன்றல்ல, இரண்டு

காம்ப்பர் வேனில் பொதுவாக இரண்டு பாட்டரிகள் இருக்கும். ஒன்று, இயந்திரத்தைக் கிளப்ப. மற்றொன்று, வீட்டுக்கு. விளக்கு, குளிர்ப்பெட்டி, தண்ணீர்ப் பம்பு எல்லாம் இரண்டாவதை நம்பி நடப்பவை. ஒரே பாட்டரியை இரண்டுக்கும் உபயோகித்தால், இரவெல்லாம் குளிர்ப்பெட்டி ஓடி, காலையில் வண்டி கிளம்பாமல் காட்டில் நிற்க நேரும்.

100 ஆம்பியர்-மணி கொண்ட ஈயப் பாட்டரி ஒன்று ஏறக்குறைய 25 கிலோ எடை இருக்கும். அதில் 1,200 வாட்-மணி மின்சாரம் அடங்கும். அதை முழுவதும் உறிஞ்சினால் பாட்டரியின் ஆயுள் குறையும் என்பதால், பாதியைத்தான் தாராளமாகச் செலவிடலாம். 50 வாட் குளிர்ப்பெட்டி பாதி நேரம் ஓடினாலே ஒரு நாளில் அந்தப் பாதி தீர்ந்துவிடும். ஆகவே பாட்டரியைச் சிறியதாக்கி இடம் மிச்சம் பிடிப்பது நடக்காத காரியம். அதை வேறு இடத்துக்கு மாற்றுவது ஒன்றே வழி.

பெரியவர்களே செய்த காரியம்

இது ஏதோ தெருவோர யோசனை அல்ல. வண்டி செய்கிறவர்களே செய்திருக்கிறார்கள். 1959-ல் வந்த 'மினி' காரின் கதை இது. அதை வடித்த அலெக் இஸிகோனிஸ், சுமார் 3 மீட்டர் நீளத்தில் நாலு பேரை உட்கார வைக்க வேண்டியிருந்தது. முன்னால் இயந்திரத்தைக் குறுக்காக வைத்தார். பாட்டரியைக் கொண்டுபோய்ப் பின்பக்கச் சாமான் அறையில் வைத்தார். ஃபோக்ஸ்வாகன்காரர்களோ இதைத் திருப்பிப் போட்டார்கள். பழைய வேன்களில் இயந்திரம், பாட்டரி இரண்டும் பின்னால் இருந்தன. 1979-ல் வந்த வேனில் இயந்திரம் பின்னாலேயே இருக்க, பாட்டரி முன் ஆசனத்தின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது பாட்டரிக்கு மற்றோர் ஆசனத்தின் அடி.

"அப்படியானால் நானும் மாற்றிவிடுகிறேன், நாலு ஸ்குரூ, இரண்டு கம்பி, அவ்வளவுதானே?" என்று கிளம்புகிறவர்கள் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பார்கள். பாட்டரி தனியாக வருகிற விருந்தாளி அல்ல, பரிவாரத்தோடு வருகிறது. கம்பி, பியூஸ், காற்றுக் குழாய், கட்டும் பட்டை என்று அத்தனைக்கும் இடம் விட்டாக வேண்டும். விடாதவர்கள் ஆபத்தை விலைக்கு வாங்குகிறார்கள்.

குருவி தலையில் பனங்காய்

முதலில் கம்பியைப் பார்ப்போம். வண்டியைக் கிளப்புகிற மோட்டார், அந்தச் சில விநாடிகளில் 200 ஆம்பியர் வரை இழுக்கும். பாட்டரியை 4 மீட்டர் தள்ளி வைத்து, 16 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியால் இணைத்தால் என்ன ஆகும்? கணக்குப் போட்டால், வழியிலேயே சுமார் 0.86 வோல்ட் தொலைந்துபோகிறது. பனிக்காலக் காலையில் ஏற்கெனவே 10 வோல்ட்டுக்குத் தாழ்ந்து தள்ளாடுகிற பாட்டரிக்கு இது பெரிய நஷ்டம். தொலைந்த மின்சாரம் சும்மா போகவில்லை; 170 வாட் உஷ்ணமாகக் கம்பியைச் சுடவைக்கிறது. 50 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் நஷ்டம் 0.28 வோல்ட்தான். ஆனால் அது கட்டைவிரல் பருமன், நினைத்தபடி வளையாது.

வீட்டுப் பாட்டரிக்கும் இதே தொல்லை வேறு உருவத்தில் வரும். அது முழுவதும் நிரம்ப 14.4 வோல்ட் அளவில் மின்சாரம் வேண்டும். மெல்லிய நீளக் கம்பியில் அரை வோல்ட் கரைந்துவிட்டால், பாட்டரி என்றைக்கும் அரை வயிற்றோடுதான் இருக்கும். நாளடைவில் ஈயத் தகடுகளில் உப்புப் படிந்து கெட்டுவிடும்.

உறங்குகிறவர்களுக்குக் காவல்

அடுத்த விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. ஈயப் பாட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலம். மின்சாரம் ஏற்றும்போது அது ஹைட்ரஜன் வாயுவைக் கக்கும். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு ஹைட்ரஜன் சேர்ந்தாலே ஒரு சிறு பொறி போதும். இயந்திர அறையில் இருந்தவரை காற்று அதை அடித்துக்கொண்டு போயிற்று. கட்டிலுக்கு அடியில் மூடிய பெட்டிக்குள் வைத்தால் எங்கே போகும்? மேலே உறங்குவது குழந்தை அல்லவா? ஆகவே பாட்டரியின் வாயு, குழாய் மூலமாக வண்டிக்கு வெளியே போக வேண்டும். மூடிய வகைப் பாட்டரியானாலும், அளவு மீறி மின்சாரம் ஏறினால் அதுவும் வாயுவை வெளிவிடும். அடுப்பு வாயு சிலிண்டர் இருக்கும் அறையில் பாட்டரியை வைக்கவே கூடாது. ஹைட்ரஜன் மேலே போகும், அடுப்பு வாயு கீழே தங்கும். நடுவில் ஸ்விட்சின் பொறி! வேறு வினை வேண்டாம்.

ஆசனத்தின் அடியில் வைக்கிறவர்களுக்கு ஃபோக்ஸ்வாகன் 'பீட்டில்' கார் ஒரு பாடம். அதில் பாட்டரி பின் ஆசனத்தின் அடியில் இருந்தது. மேல்மூடியைக் கழற்றி எறிந்துவிட்ட கார்களில், கனத்த மனிதர் ஒருவர் உட்கார்ந்ததும் ஆசனத்தின் ஸ்பிரிங் பாட்டரி முனைகளைத் தொட, ஆசனமே தீப்பற்றியதுண்டு. ஒரு சாதாரண மூடி செய்கிற காவல் அவ்வளவு!

கட்டுவதும் முக்கியம். வண்டி மோதும்போது, எடையைப் போல் 20 மடங்கு விசை பிறப்பது அபூர்வமல்ல. அப்போது 25 கிலோ பாட்டரி 500 கிலோ பாறாங்கல்லாகப் பாயும். மரப் பலகையில் அறைந்த ஆணி அதைத் தாங்காது. வண்டியின் இரும்புச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். வண்டியின் அடியில் தொங்கவிட்டால் இடம் மிச்சம்தான். ஆனால் கல்லடி, சேறு, துரு மூன்றும் காத்திருக்கும். லித்தியம் பாட்டரி எடை குறைவு என்று அதை வெளியே மாட்டினால், உறைபனிக் குளிரில் அதில் மின்சாரம் ஏற்ற முடியாது, ஏற்றினால் கெட்டுவிடும்.

எதை மாற்றுவது?

இத்தனையும் கேட்டபின் ஒரு முடிவுக்கு வரலாம். இயந்திரத்தைக் கிளப்பும் பாட்டரியை அதன் இடத்திலேயே விட்டுவிடுங்கள். அதன் தடித்த கம்பிக்குப் பெரும்பாலும் பியூஸ் கிடையாது. நீளக் கம்பி எங்காவது தகட்டில் உராய்ந்து தோல் கிழிந்தால், தடுப்பார் இல்லாமல் தீப்பிடிக்கும். மாற்ற வேண்டியது வீட்டுப் பாட்டரியைத்தான். அதன் கம்பியில் பியூஸ் வைக்கலாம். ஒரு முனையில் மட்டும் அல்ல, இரு முனையிலும் வைக்க வேண்டும். ஏனென்றால் இரு பாட்டரிகளை இணைக்கும் கம்பியில் இரு பக்கமிருந்தும் மின்சாரம் பாயும். பியூஸ் பாட்டரிக்கு அருகிலேயே இருக்கட்டும். இடம்? முன் ஆசனத்தின் அடிதான் உத்தமம். அங்கே எடை தாழ்வாக இருக்கும், கம்பியும் நீளாது.

கழற்றும்போது எப்போதும் எதிர்முனையை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். ஸ்பானர் தவறி வண்டியின் உடலில் பட்டாலும் அப்போது பொறி பறக்காது.

அலமாரியில் மிச்சமான அந்த ஒரு சாண் இடத்தில் நாலு சட்டை அதிகம் வைக்கலாம். நல்லதுதான். ஆனால் இரவு விளக்கை அணைத்துப் படுக்கும்போது, கீழே இருப்பது கட்டுக்குள் இருக்கிறது என்ற நிம்மதியும் வேண்டும் அல்லவா? அந்த நிம்மதிக்கும் வண்டியில் கொஞ்சம் இடம் ஒதுக்கியாக வேண்டும்.