மின்சாரம் நின்றால் நிற்பது விளக்கு மட்டுமா?

மின்சாரம் நின்றுவிட்டால் நாம் முதலில் தேடுவது மெழுகுவர்த்தியையும் தீப்பெட்டியையும்தான். மின்விசிறி சுழலவில்லையே, குழந்தை தூங்கவில்லையே என்று கவலைப்படுகிறோம். ஆனால் சகோதரிகளே, அதே நேரத்தில் ஆலைகளிலும் தொழிற்சாலைகளிலும் என்ன நடக்கிறது என்று எப்போதாவது சிந்தித்ததுண்டா?

நமது நாடு நெடுங்காலம் மலைநாட்டு நீர்த்தேக்கங்களையே மின்சாரத்திற்குப் பெரிதும் நம்பியிருந்தது. மழை பொய்த்தால் மின்சாரமும் பொய்க்கும். 1996 இலும் 2001 இலும் நடந்தது அதுவே. சுதந்திரத்திற்குப் பின் முதற்தடவையாக நாட்டின் பொருளாதாரம் சுருங்கியது 2001 இல்தான். கட்டுநாயக்க விமான நிலையத் தாக்குதலும் உலகச் சந்தையின் மந்தமும் காரணங்களாயினும், மின்வெட்டுக்கும் அதில் பங்குண்டு. 2022 இல் வற்றியது டொலர். எரிபொருள் வாங்க வழியின்றி, மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது.

நட்டம் எங்கே பிறக்கிறது?

"இரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லையென்றால் இரண்டு மணி நேர வேலைதானே நட்டம்?" என்று நீங்கள் கேட்கலாம். அப்படியல்ல. சாயத் தொட்டியில் கிடக்கும் துணியின் நிறம் பிசகிவிடும். ஐஸ் ஆலை நின்றால் கரைக்கு வந்த மீன் கெட்டுவிடும். வேலையாட்கள் சும்மா இருந்தாலும் சம்பளம் கொடுத்தே ஆகவேண்டும். மின்சாரம் திரும்பி வரும்போது அழுத்தம் ஏறி இறங்கினால் மோட்டார் எரிந்துபோகும். ஆடைத் தொழிற்சாலை குறித்த நாளில் சரக்கைக் கப்பலேற்றத் தவறினால், விமானத்தில் அனுப்பும் செலவு அதன் தலையில் விழும். அடுத்த ஓடர் வேறொரு நாட்டுக்குப் போய்விடும்.

பெரிய ஆலைகளுக்கு ஜெனரேட்டர் உண்டு. ஆனால் டீசலில் உண்டாக்கும் மின்சாரத்துக்குச் செலவு மிக அதிகம். 2022 இலோ டீசலுக்கே நீண்ட வரிசை. சிறிய அரிசி ஆலைக்காரரும் மிளகாய் அரைக்கும் மில்காரரும் எங்கே போவார்கள்? மின்வெட்டு எல்லோருக்கும் பொதுவானதுதான். அதன் சுமையோ சிறியவர்கள் மீதே அதிகம் விழுகிறது.

வீட்டுக்குள் ஒரு தொழிற்சாலை

நம் ஊர்களில் எத்தனையோ சகோதரிகள் வீட்டிலிருந்து உடுப்புத் தைத்துக் குடும்பத்தைத் தாங்குகிறார்கள். அவர்களுக்கு வருமானம் தரும் காலம் பெருநாளுக்கு முந்திய வாரங்கள். 2022 இல் நோன்பு மாதம் மின்வெட்டுக் காலத்திலேயே வந்தது. மோட்டார் மெஷினும் மின் அழுத்தியும் நின்றபோது, பெருநாளுக்குத் தருவதாகச் சொன்ன வாக்கையும் காப்பாற்ற முடியவில்லை. வரவேண்டிய காசும் வரவில்லை. இந்த நட்டம் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை.

நம்மால் ஆவது

நீர்த்தேக்கத்தை நிரப்பவோ மின்நிலையம் கட்டவோ நம்மால் முடியாது. ஆனாலும் நாடு அதிக மின்சாரத்தைப் பாவிப்பது மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. அந்நேரத் தேவையைச் சமாளிக்கவே செலவு கூடிய எண்ணெய் மின்நிலையங்கள் ஓடுகின்றன. உடுப்பு அழுத்துவதையும் சலவை இயந்திரத்தையும் பகலுக்கு மாற்றுங்கள். மின்சாரம் நின்றதும் மோட்டார் சாதனங்களின் சுவிட்சை மூடிவிடுங்கள். நாம் வீணாக்காத ஒவ்வோர் அலகும் எங்கோ ஒரு மெஷினை ஓடவைக்கும். அந்த மெஷினை நம்பி ஓர் அடுப்பு எரிகிறது.