குடல் புற்றுநோய்: எதிர்பாராத இடத்தில் தலைகாட்டும்போது

பழகிய பாதை

பெருங்குடல் புற்றுநோய் பரவும்போது பெரும்பாலும் முதலில் கல்லீரலையே அடைகிறது. குடலிலிருந்து திரும்பும் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குப் போவதே இதற்குக் காரணம். மலக்குடலின் கீழ்ப்பகுதி ரத்தத்தில் ஒரு பங்கு மட்டும் கல்லீரலைத் தொடாமல் இதயத்துக்கும், அங்கிருந்து நுரையீரலுக்கும் செல்கிறது. ஆகவே, சிகிச்சைக்குப் பிந்தைய ஸ்கேன்கள் மார்பிலும் வயிற்றிலும் இடுப்பிலும் கவனம் வைக்கின்றன. அது சரியான முறைதான். ஆனால் நோய் அந்த எல்லையைத் தாண்டாது என்று நம்பிவிடக் கூடாது.

விலகும் பாதைக்கும் காரணம் உண்டு

எலும்பு, மூளை, சினைப்பை, தோல், தொப்புள் ஆகிய இடங்களிலும் இந்நோய் அரிதாகத் தென்படுகிறது. முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைப் பின்னலில் வால்வுகள் இல்லை என்பதால், இருமும்போதும் முக்கும்போதும் இடுப்புப் பகுதி ரத்தம் அதற்குள் திரும்பிப் பாயக்கூடும். உடற்கூறியலாளர் ஆஸ்கர் பேட்சன் 1940இல் விளக்கிய வழி இது. ஆனால் வழி மட்டும் இருந்தால் போதாது. விதை விழுந்த இடமெல்லாம் முளைப்பதில்லை, ஏற்ற மண் வேண்டும் என்று 1889லேயே அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட் வாதிட்டார். புற்றணுவுக்கும் அது பொருந்தும். அரிய பரவல் என்பது காரணமற்ற பரவல் அல்ல.

அறிந்து என்ன பயன்?

அப்படியானால் ஒவ்வொரு முதுகுவலிக்கும் அஞ்ச வேண்டுமா? வேண்டாம். பெரும்பாலான முதுகுவலிக்குச் சாதாரணக் காரணங்களே இருக்கும். ஓய்விலும் குறையாத, இரவில் கூடும், வாரக்கணக்கில் நீடிக்கும் வலியைத்தான் சோதிக்க வேண்டும். புதிதாகத் தொடரும் தலைவலி, வலிப்பு, தொப்புளிலோ அறுவைத் தழும்பிலோ தோன்றும் கெட்டியான முடிச்சு ஆகியவையும் அப்படியே.

பரவிய பிறகு கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது என்பது இன்னொரு கேள்வி. முதுகெலும்பில் வளரும் கட்டி தண்டுவடத்தை அழுத்தினால் கால்கள் செயலிழக்கலாம். உரிய நேரத்தில் தரும் கதிர்வீச்சோ அறுவை சிகிச்சையோ அதைத் தடுக்கக்கூடும். சினைப்பைக் கட்டி அங்கேயே தோன்றியதா, குடலிலிருந்து வந்ததா என்பதைப் பொறுத்து மருந்தே மாறும். பயாப்சித் திசுவில் செய்யும் சிறப்புச் சோதனைகள் அதைப் பிரித்தறிய உதவுகின்றன. ஆனால் பழைய நோய் பற்றித் தெரிந்தால்தான் மருத்துவருக்கு அந்தச் சந்தேகமே எழும்.

எலும்பு மருத்துவரிடம் போனாலும், தோல் மருத்துவரிடம் போனாலும், எத்தனை ஆண்டுகள் கடந்திருந்தாலும், "எனக்குக் குடல் புற்றுநோய் வந்து சிகிச்சை பெற்றேன்" என்பதை முதலிலேயே சொல்லுங்கள். பழைய பயாப்சி அறிக்கையையும் கையோடு கொண்டுசெல்லுங்கள்.