மதர் இந்தியா: அந்த 500 ரூபாய்க் கணக்கு

'மதர் இந்தியா' (1957) பேச்சு வந்தாலே எல்லோரும் நேரா கடைசிக் காட்சிக்குப் போயிடுவாங்க. தாய் ராதா, பெற்ற மகன் பிர்ஜுவைத் துப்பாக்கியால் சுடும் காட்சி. கடமை, தியாகம்னு அதைச் சுற்றியே பேச்சு ஓடும். என்னைக் கேட்டா, மொத்தப் படமும் ஆரம்பத்தில் வரும் ஒரு கடன் கணக்கில்தான் நிற்குது.

ராதாவின் மாமியார் கல்யாணச் செலவுக்காக லேவாதேவிக்காரன் சுக்கிலாலாவிடம் 500 ரூபாய் வாங்குகிறார். பிறகு நிபந்தனையில் தகராறு. பஞ்சாயத்து சுக்கிலாலா பக்கம் தீர்ப்பு சொல்கிறது: விளைச்சலில் முக்கால் பங்கு வட்டிக்கு!

கொஞ்சம் கணக்கு போட்டுப் பாருங்க. 100 மூட்டை விளைந்தால் 75 மூட்டை வட்டிக்குப் போகும். மிச்சம் 25-இல் சாப்பாடு, விதை, மாட்டுத் தீவனம் எல்லாம் முடியணும். அசல் அதே 500. அடுத்த வருஷமும் இதே கதை. எங்க தொழில்ல இதை இன்ஃபினிட் லூப்னு சொல்வோம். வெளியே வர வழியே எழுதப்படாத நிரல்.

இதிலிருந்து தப்பிக்கத்தான் தரிசு நிலத்தைத் திருத்தப் போகிறார்கள். அங்கே பாறை விழுந்து புருஷன் ஷாமுவின் கைகள் போகின்றன. பெண்டாட்டி சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறான் என்ற ஏளனம் தாங்காமல் அவர் வீட்டை விட்டே போய்விடுகிறார். ஆக, நாம் தியாகம்னு கொண்டாடுவதில் பாதிக்கும் மேல் வட்டி கட்டியதுதான்.

இது சினிமாவுக்காக ஊதிப் பெருக்கிய விஷயம் இல்லை. 1875-இல் புனே, அகமத்நகர் மாவட்டங்களில் விவசாயிகள் லேவாதேவிக்காரர்களின் வீடு புகுந்து கடன் பத்திரங்களைப் பறித்து எரித்தார்கள். நான்கு வருஷம் கழித்து, 1879-இல், பிரிட்டிஷ் அரசு தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. பிர்ஜுவின் கோபத்துக்கு இப்படி ஒரு நீண்ட பரம்பரை உண்டு.

ராதாவின் கடமை எனக்குச் சிக்கலாகத் தெரிவது இங்கேதான். பிர்ஜு சுக்கிலாலாவைக் கொன்றுவிட்டு அவன் மகளைத் தூக்கிக்கொண்டு போகிறான். ஊர்ப் பெண்ணின் மானத்துக்காக ராதா சுடுகிறாள். அந்த இடத்தில் அவள் செய்தது சரிதான். அந்தப் பெண் என்ன தப்பு செய்தாள்? ஆனால் ராதா யாருக்காக மகனை இழந்தாளோ, அந்த ஊரின் பஞ்சாயத்துதான் முக்கால் பங்கு தீர்ப்பை எழுதியது. அந்தப் பஞ்சாயத்தை யாரும் எதுவும் கேட்கவே இல்லை.

இன்னொரு விஷயம். இந்தக் கதையை மெஹபூப் கான் ஏற்கெனவே 1940-இல் 'ஔரத்' என்ற பெயரில் எடுத்திருந்தார். அதில் ராதாவாக சர்தார் அக்தர், பிர்ஜுவாக யாகூப். 1957-இல் அந்த இடங்களுக்கு நர்கிஸும் சுனில் தத்தும் வந்தார்கள். நடுவில் நாட்டுக்கே சுதந்திரம் வந்துவிட்டது. சுக்கிலாலா மட்டும் இரண்டு படத்திலும் அதே கன்னையாலால்.