ஒரே முகவரி, பன்னிரண்டு பேர்

அப்ரண்டிஸாக நான் சேர்ந்த அலுவலகத்தில் கம்ப்யூட்டர்கள் பன்னிரண்டு. இன்டர்நெட் இணைப்போ ஒன்றுதான். ஒருநாள் காலை டெண்டர் இணையதளம் மட்டும் திறக்கவில்லை. '403', அதாவது அனுமதி இல்லை என்று வந்தது. டெண்டர் போட மறுநாளே கடைசி! "நெட்வொர்க் படிச்சவன்தானேப்பா, என்னன்னு பாரு" என்றார் மேனேஜர்.

என் செல்போன் டேட்டாவில் தளம் திறந்தது. எனவே தளத்தில் பழுதில்லை. அலுவலகத்தில் மற்ற தளங்கள் வந்தன. எனவே லைனிலும் பழுதில்லை. பன்னிரண்டு கம்ப்யூட்டரிலும் அதே 403. அப்போதுதான் வகுப்பில் படித்த 'நாட்' முறை நினைவுக்கு வந்தது. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் அலுவலகத்துக்குள் மட்டுமே செல்லும். வெளியே போகும்போது ரவுட்டர் எல்லோருக்கும் ஒரே பொது முகவரியைப் போட்டு அனுப்புகிறது. 32 பிட் முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடிதான் என்பதால் இந்தச் சிக்கனம். ஆகவே ஒருவர் தப்பு செய்தாலும் தடை எல்லோருக்கும்!

அந்தத் தளத்துக்கு அதிகம் போன கம்ப்யூட்டர் எதுவென்று ரவுட்டர் பதிவில் தேடினேன். என்னுடையதேதான்! புது டெண்டர் வந்ததா என்று நொடிக்கொரு தடவை பார்க்க நான் எழுதிய புரோகிராம் ராத்திரி முழுக்க ஓடியிருக்கிறது. உடனே நிறுத்தினேன், மேனேஜரிடம் ஒப்புக்கொண்டேன். ரவுட்டரை அணைத்துப் போட்டால் புது முகவரி கிடைக்கலாம். ஆனால் காரணத்தை நீக்காவிட்டால் அதுவும் தடைபடும். டெண்டரை செல்போன் டேட்டாவில் அனுப்பிவிட்டு, எங்கள் பொது முகவரியையும் நடந்ததையும் தளத்தாருக்கு எழுதினோம். மறுநாள் தடை நீங்கியது.

நண்பர்களே, பழுதைத் தேடும்போது நம்ம மேசையிலிருந்தே தொடங்குவோம்!